இரவில் ஒரு பழுது, பகலில் ஒரு பழுது: அடிக்கடி நின்று ஓடிய ஏசி, ஒரு நிகழ்வு ஆய்வு

பல்லடத்தில் விசைத்தறிக் கொட்டகைகளை ஒட்டிய ஒரு தெருவில், மொட்டை மாடிக்கு நேர் கீழே அமைந்த பத்துக்குப் பதினான்கு அடிப் படுக்கையறை. அதில் 2021ஆம் ஆண்டு வாங்கிய 1.5 டன் ஸ்பிளிட் ஏசி. தேவைக்கேற்ப வேகத்தை மாற்றிக்கொள்ளும் இன்வெர்ட்டர் வகை அல்ல, ஆர்32 என்ற குளிர்விக்கும் கேஸ் நிரப்பியது. ஏப்ரல் மாதத்தின் நடுவில் என்னை அழைத்தபோது வீட்டுக்காரர் சொன்ன புகார் ஒரே வரிதான்: ஏசி ஓடுகிறது, நிற்கிறது, மறுபடி ஓடுகிறது, அறை மட்டும் குளிர்வதில்லை. எனக்கு முன்பே இருவர் வந்து பார்த்திருந்தனர். ஒருவர் கேஸ் குறைந்துவிட்டது என்று சொல்லிக் கேஸ் ஏற்றிவிட்டுப் போயிருந்தார். மற்றவர் இண்டோர் யூனிட்டில் ஏசியைக் கட்டுப்படுத்தும் மின்னணுப் பலகையான போர்டு போய்விட்டது, மாற்றுவதற்கு 4,500 ரூபாய் ஆகும் என்று சொல்லியிருந்தார். வீட்டுக்காரர் அந்தத் தொகையைக் கொடுப்பதற்கு முன் இன்னொரு கண் பார்க்கட்டும் என்றுதான் என்னைக் கூப்பிட்டார்.

அடிக்கடி நின்று ஓடுவது என்பது ஒரு நோயின் பெயர் அல்ல. காய்ச்சல் என்று சொல்வதைப் போல ஓர் அடையாளம் மட்டுமே. வெளிப்பெட்டியில் கேஸை அழுத்திச் சுற்றவிடும் கம்ப்ரசரை நிறுத்தக்கூடிய கைகள் ஒரு வீட்டில் மூன்று உண்டு. சுவரில் மாட்டிய ஸ்டெபிலைசர் மின்னழுத்தம் சரியில்லை என்று நிறுத்தலாம். இண்டோர் யூனிட்டின் போர்டு, அறை குளிர்ந்துவிட்டது என்றோ, காற்றைக் குளிர்விக்கும் குழாய்ச்சுருளான காயில் உறைகிறது என்றோ முடிவு செய்து நிறுத்தலாம். கம்ப்ரசரின் தலையில் உட்கார்ந்திருக்கும் ஓவர்லோட் என்ற பாதுகாப்பு சுவிட்ச், சூடு தாங்காமல் தானே திறந்துகொண்டு நிறுத்தலாம். எந்தக் கை நிறுத்தியது என்று தெரிந்துகொள்ளும் வரை கேஸின் அழுத்தம் பார்க்கும் கேஜைத் தொடுவதும் போர்டை விலை பேசுவதும் தவறு என்பது என் உறுதியான எண்ணம். இதைத் தெரிந்துகொள்ள விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டியதில்லை. ஏசி நின்ற அந்தக் கணத்தில் மூன்று இடங்களைப் பார்த்தால் போதும். உள்ளே காற்றை வீசும் பிளோயரும் சேர்ந்து நின்றுவிட்டால் மின்சாரமே வரவில்லை, ஆகவே ஸ்டெபிலைசரைப் பார்க்க வேண்டும். உள்ளே பிளோயர் ஓட, வெளியே விசிறியும் கம்ப்ரசரும் ஒன்றாக நின்றால் அது போர்டின் முடிவு. வெளியே விசிறி சுற்றிக்கொண்டிருக்க, கம்ப்ரசர் மட்டும் ஓய்ந்துவிட்டால் அது ஓவர்லோடின் வேலை.

முதல் முறை நான் அங்கே போனது இரவு எட்டரை மணிக்கு. ரிமோட்டில் 26 டிகிரி வைத்திருந்தார்கள். அறையின் வெப்பம் என் தெர்மாமீட்டரில் 30 காட்டியது. கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நான்கு நிமிடம் ஓடியது. பின் இண்டோர் யூனிட்டுக்குள் ரிலே ‘டக்’ என்று விடும் ஓசை கேட்டது. சன்னல் வழியாக வெளியே பார்த்தால் விசிறியும் கம்ப்ரசரும் ஒருங்கே நின்றுவிட்டன. சரியாக மூன்று நிமிடம் கழித்து மறுபடி ஓடத் தொடங்கியது. அடுத்த சுற்றும் நான்கு நிமிடம், மூன்று நிமிடம், அதற்கடுத்ததும் அப்படியே. இந்த மூன்று நிமிடம் தற்செயலானது அல்ல. கம்ப்ரசர் நின்றவுடன் ஒரு பக்கம் உயர் அழுத்தமும் மறுபக்கம் தாழ் அழுத்தமும் அப்படியே நிற்கும். அவை சமமாவதற்கு முன் மறுபடி இயக்கினால் கம்ப்ரசர் திணறும் என்பதற்காகப் போர்டுக்குள்ளேயே வைக்கப்பட்ட காத்திருப்பு நேரம் அது. அதாவது, போர்டு நிறுத்துகிறது, காத்திருக்கிறது, காத்திருப்பு முடிந்த நொடியே அறை சூடாக இருப்பதாக உணர்ந்து மறுபடி இயக்குகிறது. போர்டு தன் வேலையை ஒழுங்காகவே செய்துகொண்டிருந்தது. அதற்குக் கிடைத்த செய்திதான் தவறானது.

கேஸ் குறைவாக இருக்குமோ என்ற ஐயத்தையும் கேஜ் மாட்டாமலேயே விலக்க முடிந்தது. உள்ளே இழுக்கும் காற்றுக்கும் வெளியே வீசும் காற்றுக்கும் இடையே, நான்காவது நிமிட முடிவில், 11 டிகிரி வித்தியாசம் இருந்தது. எட்டிலிருந்து பன்னிரண்டு வரை இருந்தால் அது நன்றாகக் குளிர்விக்கிறது என்றே பொருள். ஃபில்டரைத் தூக்கிப் பார்த்தபோது காயில் முழுவதும் ஒரே சீராக ஈரம் பூத்திருந்தது. கேஸ் குறைந்த ஏசியில் காயிலின் ஒரு மூலையில் மட்டும் வெள்ளையாகப் பனி படியும், மீதிப் பகுதி காய்ந்திருக்கும். இங்கே அந்த அடையாளம் இல்லை. ‘வருடா வருடம் கேஸ் குறையும்’ என்று நம்பும் வீடுகள் நம் ஊரில் ஏராளம் என்பதால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும்: கேஸ் என்பது பெட்ரோலைப் போல எரிந்து தீர்வது அல்ல. அது மூடிய குழாய்க்குள் சுற்றிச் சுற்றி வருவது. குறைந்திருந்தால் எங்கோ கசிகிறது என்று பொருள்; கசிவை அடைக்காமல் ஏற்றும் கேஸ், ஓட்டைக் குடத்தில் ஊற்றும் தண்ணீர்.

போர்டுக்கு அறையின் வெப்பத்தைச் சொல்வது ஒரு சிறிய சென்சார். மிளகை விடச் சற்றே பெரிய கறுப்பு மணி, இரண்டு மெல்லிய ஒயரின் நுனியில். இண்டோர் யூனிட்டில் ஃபில்டருக்குப் பின்னால், காயிலின் மெல்லிய தகடுகளான ஃபின்களைத் தொடாமல், ஒரு பிளாஸ்டிக் கிளிப்பில் அது மாட்டியிருக்க வேண்டும். காயிலுக்குள் நுழையப் போகும் அறைக் காற்று அதன் மேல் பட்டுச் செல்ல வேண்டும். இந்த ஏசியில் கிளிப்பின் ஒரு காது ஒடிந்து, மணி நழுவி, நேரே ஃபின்களின் மேல் சாய்ந்து கிடந்தது. பத்து நாளுக்கு முன் வாட்டர் சர்வீஸ் நடந்திருக்கிறது. அப்போது கழற்றிய சென்சாரைத் திரும்ப மாட்டும்போது நடந்த கவனக்குறைவு இது. கம்ப்ரசர் ஓடத் தொடங்கியதும் ஃபின்கள் சில்லிட, மணியும் சில்லிட, அறை 26க்கு வந்துவிட்டதாகப் போர்டு நம்பியது. உண்மையில் குளிர்ந்தது அறை அல்ல, ஃபின். சென்சாரைக் கழற்றி அறைக் காற்றில் ஆறவிட்டு மீட்டரில் வைத்தபோது 4 கிலோ ஓம் காட்டியது. 25 டிகிரியில் 5 கிலோ ஓம் காட்டும் அந்த வகைக்கு 30 டிகிரியில் இதுதான் சரியான அளவு. ஆகவே சென்சாரிலும் குறை இல்லை, அது இருந்த இடம்தான் குறை.

இப்படி ஏழு நிமிடத்துக்கு ஒருமுறை இயங்கும் ஏசி, இரவு ஒன்பதிலிருந்து காலை ஆறு மணிக்குள் எழுபத்தேழு முறை கம்ப்ரசரை எழுப்பியிருக்கும். ஒவ்வொரு முறை எழும்போதும் கம்ப்ரசர் இழுக்கும் மின்னோட்டம், ஓடும்போது இழுப்பதைப் போல நான்கைந்து மடங்கு. ஒரு கணம்தான் என்றாலும் அந்தச் சூடு சுருளிலேயே தங்குகிறது. புழுக்கம் தீராததற்கும் இதுவே காரணம். காற்றிலிருக்கும் ஈரம் காயிலில் படிந்து, துளியாகி, வழிந்து, குழாய் வழியாக வெளியேறுவதற்குச் சில நிமிடங்கள் தேவை. நான்கே நிமிடத்தில் நின்றுவிட்டால், காயிலில் ஒட்டியிருக்கும் அந்த நீரைப் பிளோயர் மறுபடி அறைக்குள்ளேயே ஊதிவிடுகிறது. அந்த வீட்டுப் பெரியம்மா, ஏசி போட்டால் உடம்பு பிசுபிசுவென்று இருக்கிறது என்று சொன்னது முற்றிலும் சரி.

ஒடிந்த கிளிப்புக்குப் பதிலாகத் தற்காலிகமாக ஒரு கேபிள் டையைக் கொண்டு, ஃபின்னிலிருந்து ஒரு சென்டிமீட்டர் தள்ளிச் சென்சாரை நிறுத்தினேன். அதன்பின் ஏசி இருபத்தைந்து நிமிடம் இடைவிடாமல் ஓடி, அறையை 26க்குக் கொண்டுவந்து, ஒன்பது நிமிடம் ஓய்ந்து, மறுபடி எழுந்தது. வேலை முடிந்தது என்று நினைத்தேன். கிளம்பும்போது பெரியம்மா ஒரு தாளை நீட்டினார். தினசரி நாட்காட்டியிலிருந்து கிழித்த தாளின் பின்பக்கத்தில், பென்சிலால், ஏசி ஓடிய நேரமும் நின்ற நேரமும் வரிசையாக எழுதியிருந்தார். மேலே இருந்த நான்கைந்து வரிகளைப் பார்த்தேன், 9.10 ஓடியது, 9.14 நின்றது, 9.17 ஓடியது. நான் கண்டதே அதிலும் இருந்ததால் தலையசைத்துவிட்டுத் தாளைத் திருப்பிக் கொடுத்தேன். “கண்ணு, கீழ மத்தியானத்தோடதும் இருக்குது பாரு” என்றார். பார்த்திருக்க வேண்டும். பார்க்காமல் வந்தது என் தவறு.

மறுநாள் பகல் ஒன்றரை மணிக்கு வீட்டுக்காரரிடமிருந்து அழைப்பு. ஏசி பழையபடியே நிற்கிறது என்றார்.

போனதும் முதலில் கேட்டு வாங்கியது அந்தத் தாளைத்தான். கீழே இருந்த மத்தியான வரிகள் முற்றிலும் வேறு மாதிரி இருந்தன. 12.50 ஓடியது, 1.03 நின்றது. 1.29 ஓடியது, 1.40 நின்றது. 2.11 ஓடியது, 2.20 நின்றது. 2.54 ஓடியது. ஓடும் நேரம் பதின்மூன்று, பதினொன்று, ஒன்பது என்று குறைந்துகொண்டே போக, ஓய்வு நேரம் இருபத்தாறு, முப்பத்தொன்று, முப்பத்து நான்கு என்று கூடிக்கொண்டே போனது. போர்டு நிறுத்தினால் இடைவெளி கடிகாரம் வைத்தாற்போல் இருக்கும். இப்படி இழுத்து இழுத்து நீளும் இடைவெளி, இரும்பு சூடேறி ஆறுவதற்கு எடுத்துக்கொள்ளும் நேரம். ஒரே புகாருக்குள் இரண்டு பழுதுகள் இருந்திருக்கின்றன. மத்தியானம் வந்த மெக்கானிக் ஒன்றையும், மாலையில் வந்தவர் மற்றொன்றையும் பார்த்திருக்கிறார்கள்; இரவில் போன நானும் ஒன்றை மட்டுமே பார்த்திருக்கிறேன்.

சென்சார் ஃபின்னைத் தொட்டுக்கொண்டிருந்த நாட்களில் மத்தியானமும் நான்கே நிமிடத்தில் அல்லவா நின்றிருக்க வேண்டும் என்ற கேள்வி உடனே எழுந்தது. விடை ரிமோட்டில் இருந்தது. இரவில் 26 வைப்பவர்கள், பகல் வெயிலில் அறை குளிரவில்லை என்பதால் 16க்கு இறக்கிவிடுவார்களாம். பகலில் 34 டிகிரிக் காற்று வந்து மோதும்போது, ஃபின்னில் சாய்ந்திருந்த மணி எவ்வளவு குளிர்ந்தாலும் 16க்கு இறங்கவே இல்லை. ஆகவே போர்டு நிறுத்தவே இல்லை. அந்தப் பழுது இரவில் மட்டும் வெளிப்பட்டு, பகலில் ஒளிந்துகொண்டது. 2020 ஜனவரி முதல் இந்தியாவில் நட்சத்திரக் குறியீடு பெற்று விற்கப்படும் ஏசிகள் 24 டிகிரியைத் தொடக்க அளவாகக் கொண்டே வருகின்றன. அந்த 24லேயே எப்போதும் விட்டிருந்தால் இந்த இரு பழுதுகளும் ஒன்றோடொன்று கலந்து இன்னும் குழப்பியிருக்கும். பெரியம்மா நேரத்தோடு எழுதி வைத்ததால்தான் இரண்டையும் பிரிக்க முடிந்தது.

வெளியே போய்ப் பார்த்தேன். விசிறி சுற்றிக்கொண்டிருந்தது, கம்ப்ரசரில் ஓசை இல்லை. டெர்மினலில் மீட்டரை வைத்தால் 206 வோல்ட் வந்துகொண்டிருந்தது. போர்டு ஓடச் சொல்கிறது, மின்சாரமும் வாசல் வரை வந்து நிற்கிறது, கம்ப்ரசர் மட்டும் ஓடவில்லை. எம்சிபியை அணைத்துவிட்டு, மின்னூட்டத்தைத் தேக்கி வைக்கும் கெப்பாசிட்டரை ஒரு ரெசிஸ்டர் வைத்து டிஸ்சார்ஜ் செய்து, கம்ப்ரசரின் மேல்மூடியைத் திறந்தேன். தலைப்பகுதிக்கு அருகே கையைக் கொண்டுபோகவே முடியவில்லை. ஓவர்லோடின் இரு முனைகளுக்கும் இடையே தொடர்பு அறுந்திருந்தது. அதனுள் இருப்பது இரண்டு உலோகங்களை ஒட்டிய ஒரு சிறு தட்டு. சூடு ஏறினால் வளைந்து தொடர்பை அறுக்கும், ஆறினால் தானே பழைய நிலைக்குத் திரும்பும். மீட்டரை அதிலேயே மாட்டிவிட்டு நிழலில் உட்கார்ந்திருந்தேன். இருபத்து நான்காவது நிமிடத்தில் ‘டிக்’ என்ற மெல்லிய ஓசையோடு அது ஒட்டியது. சிலர் அவசரத்துக்கு ஈரத்துணியைப் போட்டுக் கம்ப்ரசரை ஆற்றுவார்கள். அந்தத் தலைப்பகுதியில்தான் மின்முனைகள் இருக்கின்றன. அதை நான் செய்வதில்லை, யாரையும் செய்யவும் சொல்வதில்லை.

ஓவர்லோடு பழுதல்ல, அது காவல்காரன். அதை மாற்றினால் எதுவும் தீராது. அதன் இரு முனைகளையும் நேரே இணைத்து, அது இல்லாமல் ஓட்டினால் கம்ப்ரசரே எரிந்துபோகும். கேட்க வேண்டிய கேள்வி, இவ்வளவு சூடு ஏன் என்பது. மறுபடி ஓடியபோது கிளாம்ப் மீட்டரில் மின்னோட்டம் 10.4 ஆம்பியர், பெயர்ப்பலகையில் எழுதியிருந்தது 7.4.

அவுட்டோர் யூனிட் முன்பக்கம் பார்க்கப் பளிச்சென்று இருந்தது. வாட்டர் சர்வீஸ் செய்தவர் விசிறிக் கம்பிகளை நன்றாகவே கழுவியிருந்தார். ஆனால் அந்தப் பெட்டி காற்றை இழுப்பது பின்பக்கமும் இடது பக்கமும். முன்பக்கம் காற்றை வெளியே தள்ளுகிற பக்கம் மட்டுமே. சுவருக்கும் பெட்டிக்கும் இடையே இருந்த அரை அடி இடைவெளியில் கைபேசி விளக்கைப் பிடித்துப் பார்த்தபோது, காயில் கண்ணுக்கே தெரியவில்லை. சாம்பல் நிறத்தில், விரல் பருமனுக்கு, கம்பளி போர்த்தியதைப் போல ஒரு படலம். தறிக் கொட்டகையிலிருந்து பறந்து வந்த பஞ்சுத்தூசு. நான்கு ஆண்டுகளாகப் படிந்து படிந்து பாயாகிவிட்டது. ஒரு மூலையில் நகத்தால் நெம்பி மெல்ல இழுத்தேன். ஏறக்குறைய ஒரு துண்டு அளவுக்கு ஒரே படலமாக உரிந்து வந்தது. வீட்டுக்காரர் அதைக் கையில் வாங்கி வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

இந்தப் பஞ்சை முதலில் உலர்ந்த நிலையிலேயே உரித்துவிட வேண்டும் என்பதை அழுத்திச் சொல்கிறேன். எடுத்த எடுப்பில் தண்ணீரைப் பீய்ச்சினால் பஞ்சு நனைந்து, ஃபின்களுக்கு இடையே போய் அடைத்துக்கொள்ளும். பிறகு எதற்கும் அசையாது. உரித்தபின் மென்மையான பிரஷ், அதன்பின் விசிறியைக் கழற்றி உள்ளிருந்து வெளிநோக்கிக் குறைந்த வேகத்தில் தண்ணீர். பெட்டியையும் சுவரிலிருந்து ஓர் அடிக்கு நகர்த்தினோம். இதையெல்லாம் முடித்து மறுபடி ஓட்டியபோது மின்னோட்டம் 9.0க்கு இறங்கியது. போதாது.

அடுத்து கெப்பாசிட்டர். மேலே அச்சிட்ட அளவு 45 மைக்ரோஃபாரட், ஐந்து விழுக்காடு கூடலாம் குறையலாம். மீட்டர் காட்டியது 31. உப்பவும் இல்லை, எண்ணெய் கசியவும் இல்லை. வெளித்தோற்றத்தைக் கொண்டு கெப்பாசிட்டரை நல்லது என்று முடிவு கட்டக்கூடாது என்பதற்கு இதுவே சான்று. கெப்பாசிட்டர் தளர்ந்தால் கம்ப்ரசர் மோட்டாருக்கு முறுக்குவிசை குறையும். அதே வேலைக்கு அதிக மின்னோட்டம் இழுத்துச் சூடேறும். பகலில் தறிகள் எல்லாம் ஓடும் நேரத்தில் 230 வர வேண்டிய இடத்தில் 206 வருவதும் அதோடு சேர்ந்துகொண்டது. அந்த வீட்டு ஸ்டெபிலைசர் இந்த அளவு வரை உயர்த்தித் தராமல் அப்படியே விட்டுவிடும் வகை. புதிய கெப்பாசிட்டர் போட்டதும் 8.3.

மிச்சமிருந்தது, எனக்கு முன் வந்தவர் ஏற்றிய கேஸ். அவர் வந்தது மத்தியானம், ஏற்றி முடித்தபோது மாலை ஐந்து மணி. வெயில் தாழ்ந்ததால் அதற்குப்பின் நன்றாக ஓடியிருக்கிறது. கேஸ் ஏற்றியதால்தான் ஓடியது என்று எல்லோரும் நம்பிவிட்டார்கள். ரெக்கவரி மெஷினில் முழுவதையும் வெளியே எடுத்து எடை போட்டேன்: 1,010 கிராம். பெயர்ப்பலகையில் உள்ளது 850. தேவைக்கு மேல் 160 கிராம் கேஸ், வெளிக்காயிலில் அழுத்தத்தைக் கூட்டிக் கம்ப்ரசரை இன்னும் திணறடித்திருக்கிறது. ஆர்32 இயல்பிலேயே பழைய கேஸ்களைவிடச் சூடாகக் கம்ப்ரசரை விட்டு வெளியேறுவது. அதில் கூடுதல் கேஸையும் அழுக்குக் காயிலையும் சேர்த்தால் ஓவர்லோடு திறக்காமல் என்ன செய்யும்? அது தீப்பற்றக்கூடிய தன்மையும் சிறிது கொண்டது என்பதால், அதற்கென்று அமைந்த மெஷினைக் கொண்டு, திறந்த வெளியில், அருகில் நெருப்பு எதுவும் இல்லாமல்தான் இந்த வேலையைச் செய்ய வேண்டும். நைட்ரஜன் அழுத்தத்தில் கசிவு இல்லை என்று உறுதி செய்து, வாக்குவம் போட்டுக் குழாயை வெறுமையாக்கி, தராசில் வைத்து 850 கிராம் ஏற்றினேன். மின்னோட்டம் 7.5.

கேஸ் வேலையைக் கடைசியில் வைத்ததற்குக் காரணம் உண்டு. காயில் அடைத்திருக்கும்போது கேஜ் காட்டும் அழுத்தம், கேஸின் அளவைச் சொல்லாது, அடைப்பைத்தான் சொல்லும். அதை நம்பி முதலிலேயே கேஸைக் குறைத்திருந்தால், காயிலைச் சுத்தம் செய்தபின் கேஸ் போதாமல் போய், நான்காவதாக ஒருவர் வந்து ஏற்ற வேண்டியிருந்திருக்கும். வரிசை மாறினால் ஒவ்வொரு எண்ணும் பொய் சொல்லும்.

அன்று மாலை நான்கு மணிக்கு, மேற்கு வெயில் பெட்டியின் மேல் விழும் நேரத்தில், 24 டிகிரியில் வைத்து ஓட்டிப் பார்த்தோம். எழுபது நிமிடம் இடைவிடாமல் ஓடியது. உள்ளே இழுக்கும் காற்று 26, வெளியே வீசும் காற்று 14. கான்கிரீட் கூரை பகலெல்லாம் குடித்த வெயிலை அந்நேரத்தில் அறைக்குள் இறக்கிக்கொண்டிருக்கும் என்பதால் இவ்வளவு நேரம் ஓடுவது குறை அல்ல. நீண்ட நேரம் ஓடி, நீண்ட நேரம் ஓய்வதுதான் இவ்வகை ஏசிக்கு ஆரோக்கியம். இன்வெர்ட்டர் ஏசியாக இருந்திருந்தால் நின்று ஓடுவதற்குப் பதிலாக வேகத்தைக் குறைத்துக்கொண்டு, குளிர்ச்சி போதவில்லை என்ற புகாராகவே இதே பஞ்சு வெளிப்பட்டிருக்கும்.

கெப்பாசிட்டரும் கிளிப்பும் சேர்த்து ஐந்நூறு ரூபாய்க்குள் அடங்கின. கேஸுக்கும் என் இரண்டு நாள் வேலைக்கும் தனியே வாங்கிக்கொண்டேன், முதல் இரவுக்கான கூலியை மட்டும் வாங்கவில்லை. போர்டு இன்றும் அதே பழைய போர்டுதான். தறி ஓடும் தெரு என்பதால் மாதத்துக்கு ஒருமுறை மின்சாரத்தை அணைத்துவிட்டுப் பின்பக்கப் பஞ்சைப் பிரஷால் தட்டிவிடச் சொன்னேன். பெரியம்மா ஒவ்வொரு அமாவாசைக்கும் என்று நாட்காட்டியில் குறித்துக்கொண்டார். ஒரு வாரம் கழித்து அவர் பேரன் எனக்கு அனுப்பிய படத்தில் புதிய தாள் ஒன்று இருந்தது: மத்தியானம் 12.40 ஓடியது, 1.55 நின்றது, 2.04 ஓடியது, 3.10 நின்றது. அவுட்டோர் யூனிட்டின் மூடிக்கு உட்புறம் 850 கிராம், 45 மைக்ரோஃபாரட், 7.5 ஆம்பியர் என்று தேதியோடு எழுதி ஒட்டியிருக்கிறேன். அடுத்து அதைத் திறப்பவர் யாராக இருந்தாலும் அங்கிருந்து தொடங்கலாம்.